மறுபடியும் சொல்லுங்கள்

கற்பகத்துக்கு அந்த வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று கணவனுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. சாமித்துரை தீப்பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன். மனுஷன் செய்கிற வேலையை மெஷின் செய்கிறது என்றால் அவனுக்குப் புரியும். மனுஷி ஒருத்தி மெஷின் மாதிரி நடிக்க வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் யாருக்குத்தான் சட்டென்று விளங்கும்?

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து பானு என்று ஒரு பெண் கோவில்பட்டிக்கு வந்து எட்டயபுரம் ரோட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனி, விவசாயிகளுக்காக ஒரு போன் சேவை கொண்டுவர நினைத்தது. போனை எடுத்து, பருத்தி இன்றைக்கு என்ன விலை, மழை எப்போது வரும், செடியில் புழு விழுந்திருக்கிறது என்ன மருந்து என்று வாயால் கேட்டால் மெஷினே தமிழில் பதில் சொல்ல வேண்டும். அப்போது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்கிற மெஷினைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்துமுடித்த பிறகு, ஜனங்கள் அதோடு பேச வராமல் போனை வைத்துவிட்டால் என்ன பண்ணுவது? அதனால் மெஷின் செய்வதற்கு முன்னாலேயே, மெஷின் இருப்பதாகச் சொல்லி ஆட்களைப் பேசவைத்துப் பார்ப்பது என்று முடிவு. அந்தப் பக்கம் ஒரு ஆள் மறைவாக உட்கார்ந்து கேட்டு, ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருக்கிற பதில்களில் பொருத்தமானதைக் கம்ப்யூட்டரில் அழுத்தி ஒலிக்கவிட வேண்டும். ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எந்த இடத்தில் எரிச்சல்படுகிறார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும். பானுவின் படிப்பில் இதற்கு மந்திரவாதிச் சோதனை என்று பேராம். மறைவாக உட்கார்ந்திருக்கிற ஆள்தான் மந்திரவாதி.

கற்பகம் காலேஜில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் புதுரோட்டில் ஒரு சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கரிசல்காட்டுப் பேச்சு காதில் விழுந்த உடனே புரிகிற, விரல் வேகமாக ஓடுகிற ஆள் வேண்டும் என்று பானு கேட்டபோது, சென்டர்க்காரர் கற்பகத்தைத்தான் காட்டினார். அவளும் சரி என்றாள். மறுநாள் பானு இன்னொன்று கேட்டாள். பதில்களையும் கற்பகத்தின் குரலிலேயே பதிவுசெய்துகொள்ளலாமா, இந்தப் பக்கத்துப் பெண் குரல் என்றால் ஜனங்களுக்கு ஒட்டுமே என்று. அதற்கும் கற்பகம் தலையாட்டத்தான் போனாள். அப்போதுதான் சோதனை எந்த ஊரில் என்ற பேச்சு வந்தது. பசுவந்தனை என்றாள் பானு. கற்பகம் தனக்குத் தொண்டை கட்டிக்கொண்டே இருக்கும், ரெக்கார்டு பண்ணினால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டாள். பிறகு திருநெல்வேலியில் ஒரு டீச்சரைப் பிடித்துக் குரல் பதிவுசெய்தார்கள்.

பசுவந்தனை அவள் பிறந்த ஊர். அதை அவள் பானுவிடம் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் சாமித்துரையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் வேறு சாதி ஆள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேட்டபோது, நான் இவரோடுதான் போவேன் என்று சொன்னாள். அப்பா நல்லக்கண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை. வையவும் இல்லை. காட்டின இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே போய் பஸ் ஏறிவிட்டார். அம்மா கோமதியம்மாள்தான் வாசல்வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அதோடு போக்குவரத்து நின்றது. அண்ணன் திருப்பூரில் இருந்தான். அவனும் பேசுவதில்லை. பசுவந்தனை பஸ் நிற்கிற பக்கமே கற்பகம் போகாமல் இருந்தாள். போனால் தெரிந்த முகம் ஏதாவது இருக்கும், அது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஊர்ப் பேரைக் கேட்டதும் அவள் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. தெரிந்த குரல் ஒன்றிரண்டு காதில் விழும், அவர்களுக்குத் தன்னைத் தெரியாது, வேறு பக்கம் திரும்பிக்கொள்ள முடியாது. அந்த ஆசைதான். அப்பா வருவார் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் முன்னால் போய் நிற்கிற ஆள் இல்லை அவர்.

பசுவந்தனையில் பால் சொசைட்டிக் கட்டடத்தில் ஒரு அறையைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு மேஜையும் போனும் வைத்தார்கள். பானுவோடு வந்த ஜெயகிருஷ்ணன் அங்கே இருப்பான். ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைப்பது, பேசுவது பதிவாகும் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவது, பேசும்போது அவர்கள் முகத்தைக் கவனிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இது சோதனைதான், இந்தச் சாதனம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடைசியில் எல்லாருக்கும் சொல்லிவிடுவோம் என்று அவன் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது பானுவின் கண்டிப்பு.

முதல் நாள் கற்பகம் மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவர் போனில் கத்தினார். ஒருவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பயந்து வைத்துவிட்டார். அதற்கடுத்து யாரோ நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது. அந்தச் செருமலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாருக்கியா தாயி?" என்றார் நல்லக்கண்ணு.

மெஷினைத்தான் கேட்டார். திரையில் விலைக்கு, மழைக்கு, பூச்சிக்கு, உரத்துக்கு எல்லாம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. பொருத்தமான பதில் இல்லாவிட்டால் எதை அழுத்த வேண்டும் என்று பானு சொல்லியிருந்தாள். கற்பகம் அதை அழுத்தினாள். திருநெல்வேலி டீச்சர் குரல் சொன்னது: மன்னிக்கவும். புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்.

"நல்லாருக்கியான்னு கேட்டேன்" என்றார் அவர், கொஞ்சம் சத்தமாக. அவள் மறுபடியும் அதையே அழுத்த வேண்டியதாயிற்று. ஜெயகிருஷ்ணன் பக்கத்திலிருந்து, விலை ஏதாவது கேளுங்க அண்ணாச்சி என்று சொன்னது மெல்லக் கேட்டது. அப்பா உளுந்து விலை கேட்டார். அவள் உளுந்து விலையை அழுத்தினாள். அவர் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பானு பதிவுகளைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக இருந்தாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் நலம்தான் விசாரித்திருந்தார்கள். நம்ம ஜனங்க சவுக்கியம் கேக்காம எடுத்த எடுப்புல விலை கேக்க மாட்டாங்க, சென்னையில உக்காந்துட்டு இதை நாம யோசிக்கவே இல்லையே என்றாள். உடனே திருநெல்வேலிக்குப் போன் பண்ணி, டீச்சரிடம் புதிதாக ஒரு பதில் பதிவுசெய்து வாங்கினாள். நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? இதற்கு ஒரு பொத்தான் திரையில் சேர்ந்தது. கற்பகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை நல்லக்கண்ணு வந்து உட்கார்ந்து நலம் விசாரித்ததும் அவள் அந்தப் பொத்தானை அழுத்தினாள். சொசைட்டிக்கு வெளியே யாரோ கேனைக் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இருக்கேன் தாயி" என்றார் பிறகு. "என்ன, புழுதியில விதச்சுப் போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம். கோயிலுக்கு மேக்க இருக்கிற காட்டுல உளுந்து. மத்ததுல பருத்தி போட்டிருக்கு. எறும்பு இழுத்துட்டுப் போறதுக்குள்ள ஒரு மழ பெய்யணும்."

கோயிலுக்கு மேற்கே இருக்கிற காடு அவளுக்குத் தெரியும். காலேஜ் விடுமுறையில் அம்மாவோடு களை எடுக்கப் போயிருக்கிறாள். இத்தனை வார்த்தையை அப்பா சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டது இல்லை. வீட்டில் அவர் சொல்வதெல்லாம் சோறு போடு, விளக்கை அணை, மாட்டைப் பிடித்துக் கட்டு என்ற அளவில்தான். சொன்னது காதில் விழவில்லை என்று யாராவது திருப்பிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

வாரத்தில் சில நாள் அவர் முறை வரும். அந்த நாட்களில் கற்பகம் சீக்கிரமே மாடிக்கு வந்துவிடுவாள். ஒருநாள் அவர் பேசும்போது கீழே ரோட்டில் லாரி ஹாரன் அடித்து நிஜமாகவே கேட்கவில்லை. மறுபடியும் சொல்லுங்கள் என்ற பொத்தானை அழுத்தினாள். எழுந்து போகிற அந்த மனுஷன், கொஞ்சமும் சலிக்காமல், தாயி இப்பம் கேக்குதா என்று நிறுத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். அதன் பிறகு அவள் நன்றாகக் கேட்டதற்கும் அழுத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு தடவை. சில நாள் அதற்கு மேலும். அவர் திரும்பச் சொல்லும்போது முதல் தடவை சொல்லாதது ஒன்றிரண்டு கூடவே வரும். பருத்தி விலையோடு கிடேரிக்கன்று செத்துப்போனது வந்தது. தெற்குத்தெருக் கிணறு வற்றினது வந்தது.

இப்படி வந்ததில்தான் அம்மாவின் சங்கதியும் தெரிந்தது.

"வீட்டுல அவளுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. அடுப்புல கையச் சுட்டுக்கிடுதா. இதுக்கு ஒங்கிட்ட ஏதும் வழி இருக்கா தாயி?"

இந்தச் செய்தி என்னிடம் இல்லை, விலை, மழை, பயிர் நோய் பற்றிக் கேளுங்கள் என்பதுதான் அதற்குரிய பதில். கற்பகம் அதை அழுத்தினாள். சரி தாயி, பரவால்ல என்று அவர் போனை வைத்தார். அன்றைக்கு மீதிப் பேருக்கு எப்படிப் பதில் போட்டாள் என்றே அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்குப் போய் சாமித்துரையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, நான் வேணும்னா அவரைப் போய்ப் பாத்துப் பேசட்டுமா, ஆஸ்பத்திரிக்கு நாம கூட்டிட்டுப் போவோம் என்றான். பேசலாம்தான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? வழியைக் கேட்டவருக்குப் பதில் சொல்ல முடியாமல், கேட்காதவள் மாதிரி இருக்கவும் முடியாமல் அவள் நாட்களைத் தள்ளினாள்.

ஐப்பசி பாதியில் மழை பெய்தது. வயற்காட்டில் கால் வைக்க முடியாதபடி கரிசல் குழைந்து, பசுவந்தனை பஸ்ஸும் ஒருநாள் வரவில்லை. அது முடிந்து நல்லக்கண்ணு சொசைட்டிக்கு வந்த அன்று, பானு தற்செயலாகக் கற்பகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கற்பகம் எப்படி வேலை செய்கிறாள் என்று அவ்வப்போது பார்ப்பதும் பானுவின் வழக்கம்தான்.

நல்லக்கண்ணு நலம் விசாரித்தார். உளுந்து முளைத்து வந்துவிட்டது என்றார். விலை எதுவும் கேட்கவில்லை.

"தாயி, ஒங்கிட்ட கோவில்பட்டிச் சேதியெல்லாம் இருக்கும்லா?" என்றார் பிறகு. "அங்கன ஒரு ஆளு இருக்கு. அது நல்லா இருக்கான்னு கேட்டாச் சொல்லுவியா?"

கற்பகத்தின் கை தானாகப் போய் அந்தப் பொத்தானை அழுத்தியது. மன்னிக்கவும். புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள். இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை அவர் திரும்பச் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல தாயி. வச்சிருதேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பானு ஹெட்போனைக் கழற்றினாள். அவர் தெளிவாகத்தானே சொன்னார், இந்தச் செய்தி இல்லை என்றுதானே அழுத்தியிருக்க வேண்டும் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கற்பகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவர் என் அப்பா என்றாள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தொண்டை சரியில்லை என்று சொன்ன பொய்வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டதையே கேட்க எத்தனையோ தடவை பொத்தானை அழுத்தினதையும் சொன்னாள். ஜெயகிருஷ்ணன் அங்கேயிருந்து அடுத்த ஆளை உட்காரவைத்துவிட்டுக் காத்திருந்தான். பானு அவனுக்குப் போன் போட்டு இன்றைக்கு இத்தோடு போதும் என்று நிறுத்தினாள்.

பானு போனைக் கீழே வைத்தாள். அவள் திட்டுவாள், வேலையை விட்டு நிறுத்துவாள் என்று கற்பகம் நினைத்தாள். அவரோட பதிவு எதையும் ஆராய்ச்சியில சேர்க்க முடியாது, அதைக்கூட விடுங்க என்றாள் பானு.

"அவர் உங்ககிட்ட பேசலை கற்பகம். ஒரு மெஷின்கிட்ட பேசினார். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா இதுல ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார். இல்லையா?"

"ஆமா மேடம்."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சாகணும்."

கற்பகம் மறுக்கவில்லை. தெரிந்தால் அப்பா இனிமேல் எந்த போனிலும் யாரிடமும் பேச மாட்டார் என்று மட்டும் சொன்னாள். சோதனை முடிகிற அன்று ஆட்கள் எல்லாரிடமும், பதில் சொன்னது மெஷின் இல்லை, ஒரு ஆள்தான் என்று சொல்லப்போகிறார்கள். விருப்பமில்லாதவர்கள் தங்கள் பதிவுகளை அழிக்கச் சொல்லலாம். நல்லக்கண்ணுவிடம் மட்டும் தனியாக, அந்த ஆள் யார் என்பதையும் பானுவே சொல்வது என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். ஊர் முன்னால் வேண்டாம். அதுவரைக்கும் அவர் முறை வரும்போது கற்பகம் உட்காரக் கூடாது.

அதன் பிறகு வந்த நாட்களில் நல்லக்கண்ணு வரும்போது பானு நாற்காலியில் உட்கார்ந்தாள். கற்பகம் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்தியிருக்கும். உள்ளே ஹெட்போனில்தான் அவர் குரல் வருகிறது, வெளியே ஒன்றும் கேட்காது. ஆனாலும் அவள் படியில் கதவுப் பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். பானு கதவைத் திறந்து, முடிஞ்சுது என்பாள். என்ன பேசினார் என்று கற்பகம் கேட்டதும் இல்லை, பானு சொன்னதும் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் சோதனை முடிந்தது. பசுவந்தனைக்குப் பானு வாடகைக் கார் பிடித்துப் போனபோது கற்பகமும் கூடப் போனாள். சொசைட்டிக்குள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பின்னால் பால் கேன் வைக்கிற அறை இருக்கிறது, அங்கே இருக்கலாம் என்று ஜெயகிருஷ்ணன் சொன்னான்.

"அங்கன இருந்தா அவங்க பேசுறது கேக்கும்" என்றாள் கற்பகம். "இனிமே அவங்களுக்குத் தெரியாம நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

காரைத் தெருமுனையில் வேலிக்கருவை நிழலில் நிறுத்தச் சொல்லி அதற்குள்ளேயே இருந்தாள். டிரைவர் டீ குடிக்கப் போனார். கண்ணாடி வழியாகச் சொசைட்டி வாசல் தெரிந்தது. உள்ளே ஆட்கள் நிறையப் பேர் போனார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் வந்தது. அப்பவே நினச்சேன் என்று பூவனலிங்கம் என்பவர் சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். இருமினா எதுக்கு மெஷினு பதில் சொல்லாம நிக்குதுன்னு யோசிச்சேன், மனுசப் பொறவி அந்தப் பக்கம் இருந்திருக்கு என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். ஒவ்வொருவராக எல்லாரும் கலைந்தார்கள். அப்பா வரவில்லை.

சாமித்துரை காலையில், அவர் என்ன சொன்னாலும் அழாம வந்துரு என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை.

நல்லக்கண்ணு கடைசியில் வந்தார். தலை முன்னைவிட வெளுத்திருந்தது. படியிறங்கி வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தவர், காரைப் பார்த்ததும் திரும்பி இந்தப் பக்கம் நடந்தார். கற்பகம் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்றாள். கைக்கெட்டாத தூரத்தில் அவர் நின்றுவிட்டார். மழை விட்ட மறுநாள் காட்டில் போய் எது முளைத்திருக்கிறது, எது முளைக்காமல் போயிற்று என்று குனிந்து பார்ப்பாரே, அப்படித் தலையிலிருந்து கால்வரைக்கும் அவளைப் பார்த்தார். அப்பா என்று அவள் சொன்னது வெளியே கேட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்து தெருவில் மறைந்தார்.

திரும்பி வருகிற வழியில் பானு நடந்ததைச் சொன்னாள். யாரென்று சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டாராம். எல்லாத்தையும் கேட்டாளா என்றுதான் முதலில் கேட்டாராம். பெரும்பாலும் கேட்டாங்க என்றதும், எல்லாத்தையும் அழிச்சிருங்கம்மா என்றாராம். எழுந்து வாசல்வரைக்கும் போய்த் திரும்பி, அந்த எடத்துல மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வா என்று கேட்டாராம். வீட்டிலிருந்து கொண்டுவருவாங்க, இனிமே பழையபடி புதுரோட்டுச் சென்டருக்குத்தான் போவாங்க என்று பானு சொன்னதற்கு, சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினாராம்.

எட்டயபுரம் ரோட்டு மாடிக்கு வந்ததும் பானு கம்ப்யூட்டரைப் போட்டாள். நல்லக்கண்ணுவின் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. நானே அழிக்கட்டுமா என்று கற்பகம் கேட்டாள். பானு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கீழே போய் டீ சொல்லிட்டு வர்றேன் என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அறையில் யாரும் இல்லை. ஹெட்போன் மேஜை மேலேயே கிடந்தது. ஒன்றை மட்டும் போட்டுக் கேட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உளுந்து முளைத்ததைச் சொன்ன நாளை, இல்லை, முதல் நாள் செருமினதை மட்டுமாவது. ஒரு சிடியில் போட்டுக்கொண்டால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அவள் ஹெட்போனை எடுத்துத் தள்ளி அலமாரியில் வைத்தாள். வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழித்தாள். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு ஆமாம் என்று அழுத்தினாள். பானு டீயோடு வந்தபோது அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள்.

பானு சென்னைக்குப் போய் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். ஜனங்கள் மெஷினிடமும் முதலில் நலம் விசாரிக்கிறார்கள் என்பது அதில் முதல் பக்கத்திலேயே இருந்ததாம். கம்பெனி இப்போதைக்கு வேண்டாம் என்று அந்தத் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டது. கற்பகம் பழையபடி புதுரோட்டுச் சென்டருக்குப் போனாள்.

தை பிறந்து, உளுந்து எடுப்பெல்லாம் முடிந்த சமயம், சென்டருக்கு அவளைக் கேட்டு ஒரு போன் வந்தது. பசுவந்தனையில் அவர்கள் அடுத்த வீட்டுச் சுடலையம்மாள் பேசினாள். கோமதியம்மாளுக்குத் திருநெல்வேலியில் கண் ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருக்கப் பொம்பளை ஆள் ஒன்று வேண்டுமாம்.

"ஒங்க அய்யாதான் ஒனக்குப் போன் போடச் சொன்னாரு" என்றாள் சுடலையம்மாள். "நான் கூட வாரேம்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாரு."

கற்பகம் அன்றைக்கே சென்டரில் லீவு சொன்னாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அம்மா அவள் முகத்தைக் கையால் தடவித்தான் பார்த்தாள். மெலிஞ்சிட்டயேட்டி என்றாள். நாலு வருஷத்துக் கதையைப் பேச இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில் நேரம் நிறைய இருந்தது. நல்லக்கண்ணு வார்டுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடி பெஞ்சியில் இருந்தார். டாக்டர் கூப்பிட்டால் மட்டும் வருவார், கேட்டுக்கொள்வார், போய்விடுவார். கற்பகம் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு போய் அவர் பக்கத்தில் பெஞ்சியில் வைத்துவிட்டு வருவாள். அவள் உள்ளே வந்த பிறகுதான் சாப்பிடுவார் போல. கொஞ்ச நேரம் கழித்துப் போனால், தூக்குவாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும்.

கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் கோமதியம்மாள் கேட்டாள்.

"அன்னைக்கு சொசைட்டியில இருந்து வந்த மனுசன் வாயே தொறக்கல. விளக்கு வச்ச பொறவு, எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன்னாவ. எவகிட்டன்னு கேட்டேன். நம்ம பிள்ளகிட்டன்னாவ. அப்பிடி என்னத்தட்டி ஒங்கிட்ட சொன்னாவ?"

"உளுந்து வெல கேட்டாங்கம்மா. மழ எப்ப வரும்னு கேட்டாங்க. கிடேரி செத்துப்போச்சுன்னு சொன்னாங்க."

"அம்புட்டுத்தானா? அதத்தான் எங்கிட்டயும் தெனம் சொல்லுதாவ" என்று அம்மா சிரித்தாள்.

அம்மாவின் கண்ணைப் பற்றி அவர் வழி கேட்டதைக் கற்பகம் சொன்னாள். கோவில்பட்டியில் இருக்கிற ஒரு ஆளைப் பற்றிக் கேட்டதைச் சொல்லவில்லை. அது அப்பா அழிக்கச் சொன்னதில் சேர்ந்தது.

ஊருக்குத் திரும்புகிற அன்று மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் கோவில்பட்டி வந்தார்கள். அம்மாவும் மகளும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கடைசி சீட்டில் இருந்தார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பசுவந்தனை வண்டி புறப்படத் தயாராக நின்றது. கற்பகம் அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தாள். சொட்டுமருந்தை எப்போதெல்லாம் விட வேண்டும் என்று சொன்னாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா அவளைப் பார்த்து, இப்பம் ஒன் மொகம் நல்லாத் தெரியுதுட்டி என்றாள். வீட்டுக்கு வா என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. அதனால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நல்லக்கண்ணு பையோடு ஏறி வந்தார். கற்பகம் வழிவிட்டு ஒதுங்கி, முன்படி வழியாக இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேராக டிரைவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ட்டு வாங்கப்பா என்று அவள் சொன்னாள். அவர் திரும்பவில்லை. டிரைவர் ஏறி எஞ்சினை முடுக்கினார். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். எஞ்சின் இரைச்சலுக்குள் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் குரலுக்காகத் தலையைச் சாய்த்து நின்றாள்.

"பசுவந்தனை ரெண்டு" என்றார் அப்பா.

வண்டி பின்னால் எடுத்து, திரும்பி, ரோட்டில் ஏறியது. கூட்டம் கலைந்து அடுத்த வண்டி வந்து அந்த இடத்தில் நின்றது. கற்பகம் சென்டருக்குப் போகாமல், சாமித்துரை வேலை பார்க்கிற பிரஸ் பக்கம் நடந்தாள்.